பெட்ரோல் பங்க் புதுப்பிக்கிறார்கள்: அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கவனத்துக்கு

செக்காலைப் பக்கம் போய் வரும் நமது உறுப்பினர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே பெட்ரோல் பங்க் ஒன்றைச் சுற்றித் தகரம் வைத்து அடைத்து, உள்ளே ஆழமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் முடியும் என்கிறார் பங்க்காரர். கட்டட வேலையில் இரண்டு மாதம் என்றால் என்ன பொருள் என்று வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்.

வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே புகார்கள் வந்துவிட்டன. ஜவுளிக் கடைக்காரருக்குத் தூசி. பலகாரக் கடைக்காரருக்கும் தூசி, ஆனால் அவர் கோபம் நியாயமானது. லோடு ஆட்டோக்காரர்கள் டீசலுக்கு நூறடி ரோடு வரை சுற்றிப் போக வேண்டியிருப்பதால் நடைக்கு இருபது ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். காலையில் பங்க்குக்கு வந்து அப்படியே சாமான் வாங்கிப் போகும் கிராமத்து வாடிக்கைக்காரர்கள் குறைந்துவிட்டதாக மளிகைக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். இதெல்லாம் சேர்ந்து, "இந்த நெரிசலில் பங்க் எதற்கு? ஊருக்கு வெளியே போகட்டும் என்று சங்கத்திலிருந்தே மனு கொடுத்துவிடலாம்" என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அந்த மனுவில் நாம் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று சிலர் கேட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

நாம் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். செக்காலை என்ற பெயரைச் சொல்லும்போதே நம் காதில் செக்கும் ஆலையும்தான் விழும். எண்ணெய்க்காரருக்கும் பங்க்காரருக்கும் ஒரு சொந்தம் உண்டு. இருவருமே, பூட்டி வைத்தாலும் குறைகிற சரக்கை விற்கிறவர்கள். நம் சரக்கு கசியும், அவர் சரக்கு ஆவியாகும். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குவது இரண்டு சரக்குக்கும் பொது. சமையல் எண்ணெய் பாக்கெட்டில் வெப்பநிலையைக் குறித்து அளவைக் காட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, எடையையும் சேர்த்துப் போடுங்கள் என்று 2022-ல் மத்திய அரசு சொன்னது நினைவிருக்கும். அதன் காரணம் நமக்குப் புரிந்தது போலப் பங்க்காரருக்கும் புரியும். பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே விரியும். 12,000 லிட்டர் லோடு டேங்கர் வெயிலில் வந்து, தரைக்கடியில் இறங்கி ஐந்து டிகிரி ஆறினால், 60 லிட்டருக்கு மேல் கணக்கில் காணாமல் போகும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஆறாயிரம் ரூபாய். யாரும் திருடவில்லை, சூடுதான் எடுத்துப் போனது.

இதையே வைத்துக்கொண்டு, விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அளவு கூடக் கிடைக்கும் என்று சிலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தொட்டி பூமிக்குள் இருக்கிறது. காலைக்கும் மாலைக்கும் அங்கே சூடு பெரிதாக மாறுவதில்லை. நன்றாகத் தூங்கலாம்.

பங்க்காரர் என்றால் கொழுத்த முதலாளி என்ற எண்ணம் நம்மவர்களிடம் உண்டு. அவர் வாங்கும் விலையும் விற்கும் விலையும் அவர் கையில் இல்லை. லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். லோடுக்குப் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாற்றும் முறை வந்தது. அதற்கு முன் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாறியது. 2021 நவம்பர் 3, தீபாவளிக்கு முந்தின நாள். மத்திய அரசு பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்குப் பத்து ரூபாயும் வரியைக் குறைத்தது. நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். பண்டிகைக் கூட்டத்தை நம்பித் தொட்டியில் பத்தாயிரம் லிட்டர் டீசலும் எட்டாயிரம் லிட்டர் பெட்ரோலும் பழைய விலையில் வாங்கி நிரப்பியிருந்த ஒருவருக்கு, விடிந்தபோது 1,40,000 ரூபாய் போயிருக்கும். விலை ஏறுகிற அன்று இதே கணக்கு அவருக்கு லாபமாகவும் திரும்பும். அதை அவர்கள் இவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை என்பதும் உண்மைதான்.

இந்தச் சரக்குக்கும் நம் வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. பெரியவர்கள் இன்னமும் பங்க்கை பர்மா ஷெல் என்பார்கள். பர்மா ஆயில் கம்பெனி 1886-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தொடங்கியது. யெனாங்யாவ்ங் கிணறுகளில் எண்ணெய் எடுத்தது. அதே பர்மாவில்தான் நம் செட்டிநாட்டார் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்து லேவாதேவி நடத்தினார்கள். அங்கிருந்து வந்த தேக்குத்தான் இங்கே வீட்டுத் தூணாக நிற்கிறது. இந்தியாவில் விற்பதற்காக 1928-ல் பர்மா ஆயிலும் ஷெல்லும் சேர்ந்து பர்மா ஷெல் ஆனது. 1976-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1977 முதல் அது பாரத் பெட்ரோலியம். எஸ்ஸோவும் கால்டெக்சும் இதே போல அரசு வசமாகி இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் சேர்ந்தன. பெயர்ப் பலகைகள் மாறின. ஆனால் அந்தக் காலத்தில் ஊருக்கு நடுவே பிடித்த இடங்கள் பல அப்படியே இருக்கின்றன.

இப்போது தகரத்துக்கு உள்ளே நடக்கும் வேலைக்கு வருவோம். புதுக் கூரை, புது விளக்கு, பளபளக்கும் மெஷின் எல்லாம் நம் கண்ணில் படப் போகிறவை. செலவிலும் சிரமத்திலும் பெரிய பங்கு கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. தரைக்கடியில் இரும்புத் தொட்டிகள், அவற்றிலிருந்து மெஷினுக்கு வரும் குழாய்கள், ஆவி வெளியேற உயரமாக நிறுத்திய காற்றுக் குழாய். இந்தத் தொட்டிகளை மாற்றுவதற்குத்தான் இவ்வளவு ஆழம்.

இரும்பை ஈர மண்ணில் புதைத்தால் துருப்பிடிக்கும். இதைச் சொல்ல வெளியூர் நிபுணர் யாரும் வர வேண்டாம். துருவைப் பற்றி ஆராய்வதையே ஒரு முக்கிய வேலையாக வைத்திருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் திறந்தார்கள். கடல் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் தனியாக ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். மண்ணில் புதையும் இரும்புக்கு மேலே தார்ப் பூச்சு கொடுப்பார்கள். அதோடு மெக்னீசியம் அல்லது துத்தநாகக் கட்டி ஒன்றைக் கம்பியால் இணைத்துப் பக்கத்தில் புதைப்பதும் உண்டு. அந்தக் கட்டி தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். இப்படிச் செய்யாத பழைய தொட்டி என்றைக்கு ஓட்டையாகும் என்று மேலே நின்று யாரும் சொல்ல முடியாது.

ஓட்டை என்றால் ஊற்று மாதிரிக் கொட்ட வேண்டும் என்பதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். இருபது சொட்டு ஒரு மில்லி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆக நாளொன்றுக்கு நாலே கால் லிட்டர், வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல். ஆவிக் கழிவு, சூட்டுக் கழிவு என்று எழுதப்படும் கணக்குக்குள் இந்த நாலு லிட்டர் சுலபமாக ஒளிந்துகொள்ளும். மண்ணில் இறங்கினால் அது கிணற்றைத் தேடித்தான் போகும். மிகச் சிறிய அளவு கலந்தாலும் தண்ணீரில் வாடை வந்துவிடும், அதில் உள்ள பென்சீன் உடம்புக்கு ஆகாதது. சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசுகிறவர்கள் நாம். நம் நிலத்தடி நீருக்கு என்ன ஆபத்து என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

பழைய தொட்டியை இனியும் வைத்து ஓட்ட முடியாததற்கு இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. அது எத்தனால். பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் என்ற இலக்கை 2022 ஜூனில் எட்டினார்கள். 2023 பிப்ரவரியில் இருபது சதவீதம் கலந்ததை விற்கத் தொடங்கி, 2025-ல் நாடு முழுவதும் அந்த அளவுக்கு வந்துவிட்டார்கள். இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெறும் பெட்ரோலோடு தண்ணீர் சேராது. மழைத் தண்ணீர் கொஞ்சம் தொட்டியில் இறங்கினாலும் அடியில் தனியாகப் படுத்துக்கொள்ளும். பங்க்காரர் அளவுக் கம்பியின் நுனியில் பசை தடவி விட்டுப் பார்ப்பார். தண்ணீர் பட்ட இடத்தில் பசை நிறம் மாறும். கைப்பம்பு வைத்து எடுத்துக் கொட்டிவிடுவார். ஆனால் எத்தனால் தண்ணீரோடு கூட்டுச் சேருகிற சரக்கு. கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் குழாய் அதை இழுத்து வண்டிக்குள் விட்டால், வண்டி நடு ரோட்டில் நிற்கும். எவ்வளவு போனதோ அவ்வளவு எத்தனாலும் பெட்ரோலில் குறைந்துவிடும். பழைய பசையும் இதில் சரியாகக் காட்டாது, அதற்கென்று தனிப் பசை வேண்டும். ஆக, முன்பு ஒரு வாளித் தண்ணீரைப் பொறுத்துக்கொண்ட தொட்டி இப்போது ஒரு செம்பையும் பொறுக்காது. மூடி, இணைப்பு, வாஷர் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கிற இடத்தில் பங்க் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதுவரை சொன்னது பங்க்காரர் கவலை. இனிமேல் சொல்வது நம் கவலை.

தோண்டி எடுத்த பழைய தொட்டி எங்கே போகும்? இரும்புக் கடைக்குத்தான். இரண்டு பேர் விலை கேட்டு வந்தார்கள். ஒருவர், "அப்படியே விடுங்க முதலாளி, நாங்களே இங்கேயே கேஸ் வைத்து நறுக்கி எடுத்துக்கிறோம், உங்களுக்கு வண்டிச் செலவு இல்லை" என்று கூடுதல் விலையும் சொன்னாராம். இன்னொருவர் சுத்தம் செய்து சான்று வாங்கிக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்றாராம், விலையும் குறைவு. பங்க்காரர் நம்மிடம் இதைச் சொன்னபோது, "அண்ணே, காலித் தொட்டிதானே, என்ன இருக்கப் போகிறது என்று வேலைக்காரர்களே கேட்கிறார்கள்" என்றார்.

காலித் தொட்டிதான் ஆபத்து. நிறைந்த தொட்டியில் எரிவதற்குக் காற்று இல்லை. காலித் தொட்டியில் சுவரில் ஒட்டிய ஈரமும் துருவில் ஊறியதும் ஆவியாகி, காற்றோடு கலந்து நிற்கும். நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை பெட்ரோல் ஆவி இருந்தால், ஒரு பொறி போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே பறந்து போகாது. குழியில் தேங்கும், சாக்கடை வழியே நடக்கும், நாலு கடை தள்ளி எரியும் அடுப்பைத் தேடிப் போகும். பெட்ரோலியம் சட்டம் 1934-லிருந்து இருக்கிறது, அதன்கீழ் விதிகள் 2002-ல் புதிதாக வந்தன. தொட்டியை நன்றாகச் சுத்தம் செய்து, ஆவி இல்லை என்று கருவி வைத்துச் சோதித்து, தகுதி பெற்றவர் எழுத்தில் சான்று கொடுக்காமல் அதற்குள் ஆள் இறங்கவோ, நெருப்பு வைத்து வேலை செய்யவோ கூடாது. இதை மேற்பார்க்கிற வெடிபொருள் துறைக்குத் தலைமையிடம் நாகபுரி. நாகபுரிக்காரர் வந்து செக்காலையில் நிற்கப் போவதில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள்தான் நிற்கிறவர்கள். நமது பங்க்காரர் குறைந்த விலைக்குக் கொடுத்தார். தொட்டி முழுதாக லாரியில் ஏறிப் போனதை நாம் பார்த்தோம். விலை வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டோம், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். ஆனால் நம் வட்டாரத்தில் இரும்பு வியாபாரம் செய்யும் உறுப்பினர்களுக்குச் சொல்கிறோம்: டேங்கர் லாரித் தொட்டியோ பங்க் தொட்டியோ வந்தால், சான்று இல்லாமல் கட்டர் வைக்காதீர்கள். வேலைக்கு நிற்பது நம் பையன்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் பக்கத்தில் இருப்பது. பங்க் மூடியதும், சில கடைகளில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் விற்கத் தொடங்கிவிட்டார்கள். யார் என்று எழுதப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். லிட்டருக்குப் பத்து ரூபாய் லாபம், வண்டி நின்றுபோன ஆளுக்கு உதவி என்று சொல்கிறார்கள். சட்டம் சொல்வதைப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் லைசென்ஸ் இல்லாமல் முப்பது லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்கலாம். அதுவும் இறுக மூடிய பாத்திரத்தில். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் போகக் கூடாது, உலோகம் என்றால் இருபத்தைந்து லிட்டர். பிளாஸ்டிக் பாட்டில் என்ற பேச்சே அதில் இல்லை. விற்பதற்கு என்றால் அந்த முப்பது லிட்டர் சலுகையும் கிடையாது, ஒரு பாட்டிலும் குற்றம்தான். டீசல் வேறு வகுப்பு, அதற்கு 2,500 லிட்டர் வரை சலுகை உண்டு. ஜெனரேட்டருக்கு ஒரு டிரம் டீசல் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். பெட்ரோலை டீசல் போல நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். டீசல் மீது தீக்குச்சி போட்டால் அணைந்துபோகக் கூடும். பெட்ரோல் மார்கழிக் குளிரிலும் ஆவி விடும், குச்சி கிட்டே வரும்வரை காத்திருக்காது. அரிசி மூட்டைக்கும் கற்பூர டப்பாவுக்கும் நடுவில் பத்துப் பாட்டில் பெட்ரோல் இருந்து தீப்பிடித்தால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பத்து ரூபாய் லாபத்துக்கு முழுக் கடையையும் அடகு வைப்பது எந்த ஊர் வியாபாரம்?

அடுத்து அந்த மனு. பங்க் வெளியே போகட்டும் என்கிறார்கள். 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. புதிதாக வைக்கும் பங்க், பள்ளிக்கூடம், பத்துப் படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரி, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் வரக் கூடாது; இடம் இல்லாத ஊர்களிலும் முப்பது மீட்டருக்குக் குறையக் கூடாது. நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் இதன் பொருள் என்ன? செக்காலை மாதிரி நெருக்கமான இடத்தில் இருக்கிற பங்க் ஒரு தடவை போனால், அதே இடத்துக்குத் திரும்பி வருவது நடக்காத காரியம். 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது காரைக்குடி. புறவழிச் சாலையில் இடம் நிறைய இருக்கிறது, பெரிய பங்க்குகள் அங்கே வந்துகொண்டிருக்கின்றன. டூ வீலர் போட வருகிற கிராமத்து ஆளும் அங்கேயே நின்று, அங்கேயே வரப் போகிற பெரிய கடையில் சாமானும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். பங்க் மூடிய இந்த ஒரு மாதத்தில் காலை வியாபாரம் குறைந்ததாகச் சொன்ன அதே மளிகைக் கடைக்காரர்தான் மனுவில் முதல் கையெழுத்துப் போட வந்தவர். நாம் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ஒரு மாதத்துக்கே இப்படி என்றால் நிரந்தரமாகப் போனால் என்ன செய்வாய்?"

தூசிக்கு வழி மனு இல்லாமலே கிடைத்தது. நாலு பேர் போய்ப் பேசினோம். காலை கடை திறக்கும் முன்பும் மாலையிலும் தண்ணீர் தெளிக்கிறார்கள். மண் அள்ளும் லாரி இரவு ஒன்பதுக்கு மேல்தான் வருகிறது. பலகாரக் கடைக்காரர் மட்டும் இன்னும் முழுத் திருப்தி இல்லை என்கிறார். அவர் சரக்கு அப்படி.

வேலை முடிந்து திறக்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். நம் தராசுக்கு முத்திரை போடுகிற தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர்தான் பங்க் மெஷினுக்கும் போடுகிறார். மெஷினுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை. புது மெஷின் வைத்தாலும், பழையதைப் பழுது பார்த்தாலும், முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் ஒன்று பங்க்கில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எந்த வாடிக்கைக்காரரும் அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். சரக்கின் தரத்துக்கு வடிகட்டித் தாள் கேட்கலாம். அதில் ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிஷத்தில் கறை இல்லாமல் உலர வேண்டும். லோடு வந்த பில்லில் அடர்த்தி எழுதியிருக்கும். 15 டிகிரிக்குக் கணக்குப் பண்ணிப் பார்த்தால் அதற்கும் தொட்டியில் இருப்பதற்கும் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. புதுத் தொட்டி என்பதால் முதல் ஒன்றிரண்டு லோடுக்குத் தண்ணீர்ச் சோதனையைத் தினமும் இரண்டு வேளை பார்க்கச் சொல்லியிருக்கிறோம், பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். திறப்பு விழா அன்று பூஜை முடிந்ததும் முதல் ஐந்து லிட்டரை அளவுப் பாத்திரத்தில் பிடித்து நம் எல்லோர் கண் முன்னும் காட்டுவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். உறுப்பினர்கள் அன்று கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு அரை மணி நேரம் வந்து போகவும். தேதி முடிவானதும் சங்கத்துப் பலகையில் எழுதுகிறோம்.